ரதி நடை வராத மாலுமி

பதுளை நூலகத்திலிருந்து மகள் ஒரு நாவல் எடுத்து வந்திருந்தாள். பழைய காலத்தில் ஒருத்தி தலைமயிரை வெட்டிக்கொண்டு, ஆண்பிள்ளை வேஷத்தில் பாய்மரக் கப்பலில் மாலுமியாகச் சேர்கிறாள். புயல், கடற்கொள்ளையர் எல்லாம் உண்டு. சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் அந்தப் புத்தகம்தான். நல்ல வாசிப்பு என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. பாடசாலையில் ஆசிரியர் கூட்டம் முடிந்து வந்தால் வீட்டில் ஆளில்லை. குளியலறையில் அவளுடைய பின்னல் கிடந்தது, ரிப்பனோடு. கொடியில் காய்ந்த அவள் அப்பாவின் காற்சட்டையைக் காணவில்லை.

கண் முன்னே கடல்தான் வந்தது. தெமோதரை ஸ்டேஷனுக்கு ஓடினேன். டிக்கெட் கொடுப்பவரிடம், "ஒரு பொம்பளப் புள்ள வந்துச்சாங்க?" என்றேன்.

"எப்படி இருக்கும்?"

"பையன் மாதிரி இருக்கும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க போகணும் அதுக்கு?"

"கப்பலுக்கு."

"கப்பலுக்கு இங்க டிக்கெட் குடுக்கிறதில்லீங்க. மொதல்ல தண்ணி குடிங்க." பிறகு யோசித்து, "பையன் ஒருத்தன் பக்கத்துத் தோட்டத்துப் பக்கம் போனான். தொளதொள காற்சட்டை. கையால புடிச்சிக்கிட்டே போனான்" என்றார்.

அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் காமன் கூத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் மன்மதனுக்கு மட்டுமில்லை, அவன் மனைவி ரதிக்கும் ஆண்கள்தான் வேஷம் கட்டுவார்கள். பெண்களைச் சேர்ப்பதில்லை. தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி என் மகள். கூத்து வாத்தியார் அவளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா தம்பி, மாடு வெரட்டுற மாதிரி நடக்குற? நீ ரதிடா! பொம்பள நடந்து பாத்ததே இல்லியா? ஒங்க வீட்ல அம்மா இல்ல?"

"இருக்கேங்க," என்றேன்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவிலேயே முதுகில் ஒன்று வைத்தேன். "இது பொம்பளப் புள்ளைங்க!" என்றதும் தப்பு நின்றது.

வாத்தியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்படிச் சொல்லுங்க. பையனா இருந்தா இந்நேரம் ரதி நடை வந்திருக்குமே!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "கப்பலுக்குத்தான் போயிட்டேன்னு நெனச்சேன்டி."

"கப்பலா? பஸ்ல பெரகல மலை வளைவுல போனாலே எனக்கு வாந்தி வருதும்மா! கூத்துதான் ஆட ஆச. பொம்பளைன்னா சேக்க மாட்டாங்கல்ல?"

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "தம்பிக்கு வாந்தியா? எலுமிச்சங்கா இருக்கு, தரவா?"

பஸ்ஸே சிரித்தது. "கைய விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள்.

பார்க்கட்டும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.