ஓரத்துக் கிரீஸ்

நகரத் தொடங்கிவிட்ட லாரியைக் கை காட்டி நிறுத்துகிறார் விரலண்ணன். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு இஞ்சினை அணைக்கிறார். இவர் லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள சந்தில் புகுந்து, இரண்டு இரும்புக்கும் இடையில் ஆட்காட்டி விரலை முடிந்தமட்டும் நுழைத்து எடுக்கிறார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்க்கிறார். கறுப்பு மசி பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

"காலையில நீங்கதானே பூசினீங்க, விரலண்ணே! உங்க மேலயே உங்களுக்குச் சந்தேகமா?"

"சந்தேகம்தான். போ."

டிரைவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி கிளம்பிப் போகிறார்.

ஐம்பத்து நான்கு வயது விரலண்ணனுக்கு லாரி யார்டில் கிரீஸ் பூசுகிற வேலை. ஒரு வாளி, ஒரு மரக்கரண்டி, இடுப்பில் செருகிய கந்தல். வலது ஆட்காட்டி விரலின் கறுப்பு எந்த சோப்புக்கும் மசிந்து கொடுக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் அந்தக் கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு வருவார். கடையில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் சாமானை விட்டுவிட்டு அதைக் குனிந்து பார்க்கிற மனிதர். ஆனால் வீட்டில் கதவுக் கீல் ஒரு வருடமாக அழுதுகொண்டிருக்கிறது. "ஊர் லாரிக்கெல்லாம் பூசுறீங்க, இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஆளில்ல" என்று மனைவி சொல்லாத நாளில்லை.

அவர் பூசுவது லாரியின் முதுகில் இருக்கும் வட்ட இரும்புத் தட்டுக்கு. டிரெய்லரின் முன்பாரம் முழுவதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். வளைவு வரும்போதெல்லாம் இரும்பின்மேல் இரும்பு திரும்ப வேண்டும். நடுவில் கிரீஸ் இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், லாரி நேராகப் போகும்.

முறையாகப் பூச வேண்டுமானால் டிரெய்லரைக் கழற்றி, லாரியை முன்னால் ஓட்டி நிறுத்தி, பழைய மசியைச் சுரண்டிப் புதிதாக அப்ப வேண்டும். அரை மணி நேரம் ஆகும். ஆனால் குறுக்கு வழி ஒன்று உண்டு. கழற்றாமலே, வெளியே தெரிகிற ஓரத்தில் மட்டும் புது கிரீஸை இழுத்துவிடலாம். சுற்றிலும் பளபளவென்று இருக்கும், சோதிக்கிறவர் கண்ணுக்குக் குறையே தெரியாது. குளிக்காமல் பவுடர் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவது போன்ற வேலை இது. இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆறு வருடங்களுக்கு முன்னால், ஒரு மழை நாள் மத்தியானம், விரலண்ணன் அந்த இரண்டு நிமிட வேலையைச் செய்தார். அந்த லாரிக்கு அப்படிச் செய்தது தொடர்ந்து மூன்றாவது வாரம். அவருக்கு யார்மேலும் கோபமில்லை. முதுகு வலித்தது, மழை பெய்தது, அவ்வளவுதான். டிரைவர் அவருடைய சொந்தத் தங்கையின் புருஷன். "ஆச்சா மச்சான்?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஆச்சு மாப்ளே, கிளம்புங்க" என்றார் இவர். நாற்பது நிமிடத்தில், ஈரமான ஒரு வளைவில், லாரி திரும்பாமல் பள்ளத்தில் இறங்கியது.

உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். மாப்பிள்ளைக்கு முதுகெலும்பில் அடி. டயரைப் பார்த்தார்கள், பிரேக்கைப் பார்த்தார்கள். சேறு அப்பிக் கிடந்த தட்டை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளையே, "நான்தான் வேகமாப் போயிட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது மாப்பிள்ளை யார்டு வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார். குனியத்தான் முடியாதே தவிர வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. "அந்த வளைவுல எனக்குக் கணக்குத் தப்பிடுச்சு. இனி என் கையை நம்பி எந்த வளைவுலயும் வண்டியைத் திருப்ப மாட்டேன்" என்பார். தங்கை இவரிடம் வந்து அழுவாள். "நீ சொன்னா கேட்பாருண்ணா. வீட்டுல பேச்சே இல்ல. அந்த ஸ்டியரிங்கோட அவரும் போயிட்டாரு."

இவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் மாப்பிள்ளைக்குத் தன் கை திரும்பக் கிடைத்துவிடும். அது விரலண்ணனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று முறை வாசல் வரை போய், "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். மற்ற லாரிகளுக்குள் விரலை விட்டு விட்டுப் பார்ப்பதில் அந்தக் கடன் தீராது என்பதும் அவருக்குத் தெரியும்.

நேற்று யார்டுக்குப் புது லாரி வந்தது. தட்டின்மேல் கெட்டியான பிளாஸ்டிக் வட்டு பதித்திருந்தார்கள். இனி அதற்கு கிரீஸே வேண்டாமாம், இரும்பு அதன்மேல் வழுக்கிக்கொண்டு திரும்புமாம். மேனேஜர் மாப்பிள்ளையை வரவழைத்து, "முதல் வண்டி உங்களுக்குத்தான். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும் நின்றார்கள். மாப்பிள்ளை வட்டை உள்ளங்கையால் தடவினார். ஆறு வருடத்தில் அவர் ஒரு லாரியைத் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கே இது இருந்திருந்தா..." என்று விரலண்ணன் ஆரம்பித்தார்.

"இருந்தாலும் விழுந்திருப்பேன் மச்சான். தப்பு தட்டுல இல்ல, என் கையில."

"இல்ல மாப்ளே. அன்னைக்கு நான்..."

"நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்க ஒழுங்காப் பூசினதாலதான் உயிராவது மிஞ்சிச்சுன்னு உங்க தங்கச்சிகிட்ட நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

மாப்பிள்ளை வட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்று அலுவலகத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நில்லுங்க. ஷூ கயிறு அவுந்திருக்கு. நீங்க குனிய வேண்டாம்" என்றார் விரலண்ணன்.

தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்தார். கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். வெள்ளைக் கயிற்றில் கறுப்பு பட்டுவிட்டது.

"போதும் மச்சான், எந்திரிங்க. யாராச்சும் பார்க்கப் போறாங்க."

விரலண்ணன் நிமிரவில்லை. போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் கட்டத் தொடங்கினார்.