என் நாற்காலியில் சம்பந்தியம்மா

மகளின் பிரசவ அறையில் துணைக்கு இருவர். பெயர் கொடுத்த பிறகு ஆள் மாற்ற முடியாது. ஆஸ்பத்திரியின் விதி அது. படிவத்தில் மருமகனின் பெயருக்குக் கீழே என் பெயரை நானே எழுதினேன். டோர்செட் பார்க்கிலுள்ள தன் வீட்டிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்திருந்த அவனுடைய தாய், என் சம்பந்தியம்மா, வெளியே காத்திருந்தார். அதில் எனக்குத் திருப்திதான்.

தாதி மாணவிகளுக்கு முப்பது வருடம் உடற்றொழிலியல் படிப்பித்தவள் நான். கருப்பைத் தசையை மாதக்கணக்கில் அடக்கி வைப்பது புரோஜெஸ்தரோன். கடைசியில் ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கும். தசைக் கலங்களுக்கிடையே இணைப்புகளும், பிரசவ வலியைத் தூண்டும் ஒக்சிரோசினைப் பிடிக்கும் வாங்கிகளும் பெருகும். பிறகு ஒக்சிரோசின் வந்து தொட்டால், கல்சியம் உள்ளே பாய்ந்து முழுத் தசையும் ஒன்றாய் இறுகும். சம்பந்தியம்மாவுக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது.

மொனிட்டரில் வலியின் அலைகள் ஒழுங்காக வந்தன. இடைவெளிகளைக் குறித்தேன். சொட்டுச் சொட்டாக ஏறிய ஒக்சிரோசினின் அளவு பற்றித் தாதியிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். நாலாவது கேள்வியில் அலைகள் தளர்ந்தன.

"அம்மா, பிளீஸ்! உந்த மெஷினை விட்டுட்டு என்னை ஒருக்காப் பாருங்கோ," என்றாள் மகள்.

"உன்னைத்தானே பாக்கிறன்."

"இல்லை. சோதினைப் பேப்பர் திருத்திறீங்கள்."

தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரும்படி தாதி என்னை அனுப்பினாள். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் சம்பந்தியம்மா. மகளின் இடுப்பைத் தேய்த்தபடி, "கத்து பிள்ளை, நல்லாக் கத்து. உன்ரை மனுசன் கேக்கட்டும்," என்றார். மகள் சிரித்தாள். என்னோடு இருந்த ஐந்து மணித்தியாலத்தில் ஒருமுறையும் சிரிக்காதவள். மொனிட்டரில் அலைகள் மறுபடி உயர்ந்தன.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும். அது கருப்பைத் தசையைத் தளர்த்தும். வருடா வருடம் சோதனையில் நான் கேட்ட கேள்வி. அந்த விடையை நினைக்கப் பிடிக்காமல், பிள்ளை பிறந்த பிறகு, ஆள் மாற்ற அனுமதித்தது யார் என்று ஆஸ்பத்திரிக்கு இரண்டு பக்க முறைப்பாடு எழுதினேன்.

நோயாளியின் விபரத்தைத் தாய்க்கும் சொல்லக்கூடாது என்பது இன்னொரு விதி. படிப்பித்தவளே மறந்துவிட்டேன். எனக்குப் பதில் சொல்ல மகளின் சம்மதம் கேட்டு, ஆஸ்பத்திரி முறைப்பாட்டை அவளிடமே அனுப்பியது. அவள் எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள்:

"நான்தான் அம்மா மாமியை உள்ளை வரச்சொல்லிக் கேட்டனான். பின்னேரம் வாங்கோ, பிள்ளையைத் தூக்குங்கோ. இஞ்சை மொனிட்டர் இல்லை."

அந்தக் குரல் பதிவு வந்தது, குழந்தை பிறந்த தீட்டான துடக்கைக் கழித்த முப்பத்தோராம் நாள் காலை.