சேவல் அறுத்த பிரஸ்

ஜான்சனின் மூன்று விரல்கள் தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கு அடியில் கூழாகிக் கிடந்தபோது, அவற்றைத் துணியில் வழித்தெடுத்தவள் அம்சா. கையைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்துகிற சென்சாரின் ஒயரை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று மேலதிகாரிகள் பிடுங்கிவிட்டிருந்தார்கள். ஆலையில் அது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் மறுநாள் கம்பெனி பஸ் காஞ்சிபுரத்தைத் தாண்டுவதற்குள், பஸ்ஸில் இருந்தவர்கள் பிரஸ் காவு கேட்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். சேவலை வாங்கி, பிரஸ்ஸின் மேலேயே கழுத்தை அறுத்தவன் சிவராஜ். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, அம்சாவோடு பாதுகாப்புக் கமிட்டியில் இருந்த இன்னொரு சங்கப் பிரதிநிதி.

அம்சாவுக்கு அது தலையெழுத்துப் பேச்சாகவே கேட்டது. வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு நிலக்காரன் அவளுடைய அப்பனைப் புளியமிளாறால் விளாசியபோது, தலையெழுத்து என்று சொல்லி எண்ணெய் தடவிவிட்ட வீட்டில் பிறந்தவள் அவள். அந்தச் சொல்லைக் கேட்டாலே கை ஓங்கும்.

கமிட்டிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கேன்டீனில் சிவராஜை மடக்கினாள்.

"சாயந்தரம் ஷிப்டுக்கு அதே பிரஸ்ல அந்தச் சிம்ரன் பொண்ணை நிக்க வெக்கறாங்க. உள்ள போனா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு. ஒயரை மாட்டணும். வேற எதைக் கேட்டாலும் பதில் சொல்லாத."

"காவு குடுத்தாச்சுக்கா. இனிமே அது அடங்கிடும்."

"ஜான்சன் ரத்தம் குடிச்சும் அடங்காதது, கோழி ரத்தத்துக்கு அடங்குமாடா? நாம ரெண்டு பேச்சு பேசினா, அந்த மேனேஜரு உன்னை வெச்சே என்னை அறுப்பான்."

அவன் நகத்து இடுக்கில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

கூட்டத்தில் மேனேஜர் வேலாயுதம் அதைத்தான் செய்தார். "பரிகாரம் ஆயிடுச்சு. சாயந்தரம் பிரஸ் ஓடட்டும். என்ன சிவராஜ்? அம்சா ஜனத்துக்கு நம்பிக்கை இல்லேன்னா உங்களுக்கு என்ன? நீங்க கோயில்ல சாமி தூக்கற குடும்பம்."

அம்சாவின் சாதியை இழுத்ததும் சிவராஜ் நாற்காலியைத் தூக்கிவிட்டான். ஓங்கிய கையை அம்சா பிடித்து முறுக்கி உட்காரவைத்தாள். அடித்தால் போலீஸ் வரும், கமிட்டி கலையும், பிரஸ் ஓடும்.

"ஒயரு, சிவா."

அவன் மூச்சு வாங்கினான். "ஒயரை மாட்டாம எழுந்துக்க மாட்டோம் சார்."

வேலாயுதம் செக்யூரிட்டிகளைக் கூப்பிட்டார். வெளியே போனால் வெளிநடப்பு என்று எழுதிக்கொண்டு முடிவை நிர்வாகமே எடுத்துவிடும் என்பது அம்சாவுக்குத் தெரியும். மேசைக் காலைக் கட்டிக்கொண்டாள். ஒருவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். முகம் விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. சிவராஜின் முதுகில் தடி விழுந்தது. அவன் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். சத்தம் கேட்டு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கதவுக்கு வெளியே ஆட்கள் திரண்டதும் செக்யூரிட்டிகள் கையை எடுத்தார்கள். வேலாயுதம் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"அடிச்சதையும் எழுதச் சொல்லுக்கா," என்றான் சிவராஜ்.

"ஒயரை மாட்டி முடிச்சதும் அதையும் எழுதுவாங்க. மொதல்ல ஒயரு."

டீ கிளாஸில் ரத்தத்தைத் துப்பிவிட்டு மேனேஜரைப் பார்த்தாள்.

"மாட்டாம பிரஸ் ஓடாதுன்னு எழுதுங்க சார். எழுதினதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

அவர் எழுதினார். கதவைத் திறந்துவைக்கச் சொல்லி, அவர் படிப்பதை உட்கார்ந்தபடியே கேட்டாள்.