பழைய லாரிக்கு ஏற்றிய கற்பூரம்

என் கணவர் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டியவர். தினமும் டயர் முன்னால் கற்பூரம் ஏற்றித்தான் அனுப்புவேன். ஒருநாள் தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. "வந்து ஏத்திக்கலாம், உடு" என்று போனவர் விபத்தில் இறந்துவிட்டார்.

பல வருடம் கழித்து, மகனுடன் காரில் கோயில்களுக்குப் போகும் வழியில் பழைய லாரிகளின் அருங்காட்சியகம் ஒன்றைப் பார்த்தோம். அவர் ஓட்டியது போலவே ஒரு லாரி நின்றது. பையிலிருந்த கற்பூரத்தை டயரடியில் ஏற்றிவிட்டேன்.

காவலாளி ஓடிவந்து மிதித்து அணைத்தார். "என்னாம்மா நீ, அடியில ஆயில் ஒழுவுது பாரு." நாலு விரல் தள்ளி எண்ணெய் தேங்கியிருந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கு அன்னிக்கு ஏத்தாம உட்டுட்டேங்க" என்றேன்.

"சரி, கும்புட்டுக்கம்மா. நெருப்பு மட்டும் வாணாம்."

நாங்கள் கும்பிடப் போன நடராஜர்தான் காப்பாற்றினார். இப்போது மகன் வண்டி எடுக்கும்போது கற்பூரத்தைத் தட்டில் ஏற்றித் தள்ளி நின்றே காட்டுகிறேன். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன், நமுத்துப்போகாமல்.