பொய்ச்சாவுக்கு அறுத்த தாலி

சொல்ல வந்தது மூன்று:
1. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியான என் அப்பா, அங்கே வேலை செய்த மாரியப்பன் காய்ச்சலில் செத்ததாகப் பொய் எழுதினார்.
2. அதனால் மாரியப்பன் ஜப்பான்காரன் ஆள் பிடித்த, போனவர் பலர் திரும்பாத சியாம் ரயில் வேலைக்குப் போகாமல் உயிர் பிழைத்தார்.
3. அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இன்று பாரோய் ஊர் கிளினிக்கில் மாரியப்பனின் மகளைப் பார்த்தேன். கொஞ்சம் பெருமையாகவே இதைச் சொன்னேன்.

“உங்கப்பா பேனாவால எழுதிட்டாரு லா, அண்ணே. ஜப்பான்காரன் நம்பணும்னு அம்மாதான் தாலிய அறுத்தாங்க.”

“அப்புறம்?”

“ஜப்பான்காரன் போனதும் அப்பா திரும்பக் கட்டப் பார்த்தாரு. ‘இன்னொரு தடவை அறுக்க என்னால முடியாது’ன்னுட்டாங்க. கடைசி வரைக்கும் வெறுங்கழுத்துதான்.”

உங்கள் வீட்டிலும் கெடுதல் இல்லாத பொய் ஏதாவது உண்டா? ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

நான் மேலே சொன்னதில் மூன்றாவது தவறு.