காயாத பசை

என் காரின் என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்பைக் கழற்றி மாட்டிய கோச்சடை மெக்கானிக், பாத்ரூம் தொட்டிக்கு அடிக்கும் வெள்ளை சிலிகானைத் தடவி ஒட்டிவிட்டார். எண்ணெய் பட்டு அது ஊறிப் பிய்ந்து, ஒழுக ஆரம்பித்தது. அந்த வாடகைக் காரை நம்பித்தான் என் குடும்பம். என்ஜின் போனால் எங்களுக்குச் சோறு இல்லை.

எண்ணெயும் சூடும் தாங்குகிற சாம்பல் நிற சிலிகானைக் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் அவரிடமே போனேன்.

"எல்லாம் பசைதானண்ணே, இம்புட்டு ஆராய்ச்சி எதுக்கு?" என்று முனகியபடி பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதைத் தடவினார். சம்பை மாட்டிய கையோடு, நான் கொண்டுவந்திருந்த எண்ணெய்க் கேனைத் தூக்கினார்.

"ஒரு நாள் காயணும்னு ட்யூப்லயே போட்டிருக்குல்ல?" என்றேன்.

அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துச் சிரித்தார். "ராகுகாலம் வரப்போகுது சாமி. அதுக்குள்ள வண்டிய எடுங்க. இல்லன்னா உங்க சாமி கோவிச்சுக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ராகுகாலத்தில் நான் வண்டி எடுப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். ஷெட்டில் இடம் காலியாக வேண்டும், அதற்கு என் சாமியை இழுக்கிறார்.

"ஆத்தா மீனாட்சி ஈரப் பசையோட ஓட்டச் சொல்ல மாட்டா. கேனைக் கீழ வைய்யா!"

"அப்ப இனிமே வேற ஷெட்டு பாத்துக்க."

"பாத்துக்கிறேன். ஆனா வண்டி நாளைக்குத்தான் நகரும்."

சாவியையும் கேனையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் ஷெட்டுக்கு வந்து நானே எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

"பாத்தீகளா, நம்ம வேலைய!" என்றார் அவர்.

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.