சீமாட்டியின் தண்ணீர்

வீடு நிறைய ஊரார் துணி. அந்த வீட்டில் ஒரு கிழட்டு நாய்க்கு அடக்கமுடியாமல் மூத்திரம் ஒழுகினால் என்ன ஆகும்? இஸ்திரிக்காரரின் பிழைப்பு நாறியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நாறியது.

நாயின் பெயர் சீமாட்டி. குட்டியிலேயே அவ்வளவு மிடுக்கு; ஈரத்தில் கால் வைக்கமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் வயதான காலத்தில் தூக்கத்திலேயே நனைத்துவிட்டு, எழுந்ததும் வேறு யாரோ செய்த வேலைபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "ஏண்டி, என் மேலயா பழியப் போடுற?" என்று கேட்டுக்கொண்டே துடைப்பார். பழைய துண்டுகள் தீர்ந்து, மனைவியின் நல்ல போர்வையும் துடைக்கப் போயிற்று.

ஒருநாள் எதிர்வீட்டு வங்கிக்காரர் சட்டையோடு வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. போட்டுக்கிட்டு உக்காந்தா கொஞ்ச நேரத்துல ஒரு வாடை வருது."

இஸ்திரிக்காரர் மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அவர் மூக்குத்தான் எப்போதோ பழகி மரத்துப்போய்விட்டதே!

மனைவி அன்றைக்கு நறுக்கென்று சொல்லிவிட்டாள். "ஒண்ணு, இவள டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்ல, எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"வயசானதுக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு? நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு."

விட்டுவிட்டு வருவதாமே! தேய்க்கும் மேசைக்கு அடியில், அவர் பாதத்தில் தலைவைத்தே வளர்ந்தவள். அவளை விடுவதற்கு அந்தக் காலையே வெட்டிக் கொடுத்துவிட்டு வரலாம்.

யோசித்தார். ஓயாமல் குடிக்கிறாள், ஓயாமல் போகிறாள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார். காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய், அவ்வளவுதான். மனைவி வீடுவீடாகத் துணி கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரத்துக்கு, காலிக் கிண்ணத்தைக் கீழே இறக்கிவைப்பார். நன்றாகக் குடித்திருக்கிறாள் என்று அவளும் நினைத்துக்கொள்வாள். என்ன மூளை, என்ன மூளை!

ஈரம் குறைந்தது. வங்கிக்காரரின் சட்டைகள் மறுபடி வந்தன.

"எப்படிங்க சரியாச்சு?" என்று மனைவி ஆச்சரியப்பட்டாள்.

"எல்லாம் கைவைத்தியம்" என்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

சீமாட்டி மேசைக்கடியில் படுத்து, அவர் துணிக்குத் தண்ணீர் தெளிக்கும்போது சிந்துகிற துளிகளை நக்கிக்கொண்டிருந்தாள். இந்த வயதிலும் விளையாட்டைப் பார் என்று அவர் சந்தோஷப்பட்டார். பாவி மனுஷன், அதை விளையாட்டு என்று நினைத்தார்.

பிறகு அவள் சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. வாந்தி எடுத்தாள். நிற்கப்போனால் கால் மடங்கியது. கணவனும் மனைவியும் வாரிச் சுருட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவரம்மா கேட்டார். "தண்ணி எப்படி குடிச்சா?"

"அதெல்லாம் இவர் பொறுப்புதான், டாக்டரம்மா. கண்ணும் கருத்துமா பாத்துக்குவார்" என்றாள் மனைவி.

அவர் சீமாட்டியைப் பார்த்தபடி சொன்னார். "நான்தான்... கொறச்சேன். வீட்ட நனைக்கக் கூடாதேன்னு..."

மருத்துவரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவ கிட்னி ஏற்கெனவே கெட்டிருக்கு. அதனாலதான் அவ்வளவு குடிச்சா. அந்தத் தண்ணியாலதான் தாக்குப்பிடிச்சா. அப்பவே வந்திருந்தா கொஞ்ச காலம் இழுத்திருக்கலாம்."

ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை.

"கிட்னி மொத்தமா நின்னுபோச்சு. வலி தெரியாம இருக்க ஊசி போட்டிருக்கேன். இன்னைக்கு உங்ககூட இருக்கட்டும். நாளைக்குக் கொண்டுவாங்க, ஒரேயடியா தூங்க வெச்சுடலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவர் கிண்ணம் ததும்பத் தண்ணீர் கொண்டுவந்து சீமாட்டியின் வாயருகே வைத்தார். அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. குடிக்கலாமா என்று கேட்பதுபோல அவர் முகத்தையே பார்த்தாள்.

"குடிடி தங்கம், குடி" என்றார். இரண்டு முறை நக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

தேய்த்து அடுக்கியிருந்த துணிகளைக் கீழே இழுத்துப் போட்டு, அவற்றின் மேல் அவளைக் கிடத்தினார். மனைவி தடுக்கவில்லை.

"போடி. எல்லாத்தையும் நனைச்சு விடு. எவன் என்ன சொல்றான்னு பாத்துடறேன்."

அவளுக்கு அடியில் கையைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல" என்றார். மறுபடியும் கையைவிட்டுப் பார்த்தார்.